கோயிலைக் கட்டினோம், காப்பவர் யார்?

(பங்கின் யூபிலியையொட்டி, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் பங்குப்பேரவை உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மறையுரை ஆற்ற எனக்குத் தகுதியில்லை. கட்டட வேலையில் வாழ்நாளைக் கழித்த ஒரு பொதுநிலை விசுவாசி நான். ஆகவே செங்கல்லையும் சுண்ணாம்பையும் கணக்குப் புத்தகத்தையும் பற்றித்தான் என்னால் பேச முடியும். இவையும் இறைவனுக்குச் செய்யும் ஊழியமே என்பது என் நம்பிக்கை.

யூபிலி என்றதும் நம் பங்குகளில் மூன்று பேச்சுகள் எழுவது வழக்கம். கோபுரத்தை இன்னும் உயர்த்த வேண்டும் என்பது ஒன்று. பழைய கோயிலை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்ட வேண்டும் என்பது மற்றொன்று. கல்வெட்டில் யார் யார் பெயர் எந்த வரிசையில் வரவேண்டும் என்பது மூன்றாவது. இவற்றைப் பரிகசிக்க நான் வரவில்லை. ஆண்டவருடைய இல்லம் அழகாயிருக்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான். ஆனால் நான்காவது பேச்சு ஒன்று உண்டு. அது பெரும்பாலும் எழுவதேயில்லை. கட்டியதைக் காப்பது யார்? எந்தப் பணத்தைக் கொண்டு? யாருக்குக் கணக்குக் காட்டி? இந்த நான்காவது பேச்சைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முன்னோர் விட்டுச் சென்ற சொத்து

நாம் இருக்கும் இந்த மண்ணின் கதையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். இயேசு சபைக் குருக்களின் கர்நாடக மறைபணித் தளமாகத் தொடங்கியது நமது திருச்சபை. 1776-இல் அப்பொறுப்பைப் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் ஏற்றனர். 1886-இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டம் ஆயிற்று. 1899-இல் கும்பகோணமும், 1930-இல் சேலமும் தனித்தனி மறைமாவட்டங்களாகப் பிரிந்தன. 1953-இல் நம் உயர்மறைமாவட்டம் புதுவை–கடலூர் என்று பெயர் பெற்றது. 1993-இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டமும், 2019-இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டமும் உருவாயின. எல்லைகள் இவ்வாறு மாறிக்கொண்டே வந்தன. ஊரும் ஊரில் இருந்த கோயிலும் மட்டும் அப்படியே நின்றன.

அந்தக் கோயில்கள் எப்படி எழுந்தன? தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லுவார்களே, அந்த 1876–78 பஞ்சக் காலத்திலும் அதன் பின்னரும் வடஆர்க்காடு, தென்னார்க்காடு கிராமங்களில் ஏராளமான ஏழைக் குடும்பங்கள் திருமுழுக்குப் பெற்றன. பல ஊர்களில் முதல் கோயில் என்பது கீற்றுக் கொட்டகைதான். பின்னர் மண்சுவர், பின்னர் ஓடு, பின்னர் சுண்ணாம்புக் கட்டடம் என்று படிப்படியாக வளர்ந்தது. சேத்துப்பட்டில் லூர்து அன்னை ஆலயத்தை எழுப்பிய தார்ராஸ் அடிகளாரை (1835–1916) இன்றும் அவ்வட்டார மக்கள் மறக்கவில்லை. அதற்கும் முன்னரே, விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பினார்.

புதுச்சேரிப் பேராலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்தபோது அங்கிருந்த கோயிலும் இடிந்து போயிற்று. இன்று நாம் காணும் பேராலயம் 1791-இல் நிறைவு பெற்றது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் காத்திருந்து அதை மீண்டும் எழுப்பினார்கள். அதன் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது நிற்கிறது என்றால், கட்டியவர்களின் திறமை மட்டும் அதற்குக் காரணமன்று. ஒவ்வொரு மழைக்காலத்திற்கு முன்பும் யாரோ ஒருவர் ஏணி வைத்து மேலே ஏறியிருக்கிறார். அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஓர் அரசன் வைத்த உண்டியல்

பராமரிப்பைப் பற்றித் திருவிவிலியம் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்கிறீர்களா? அரசர்கள் இரண்டாம் நூல், 12-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். நம் நிதிக்குழுவுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும்.

எருசலேம் திருக்கோயில் பழுதுபட்டிருந்தது. மக்கள் கொடுக்கும் பணத்தைக் கொண்டு அதைச் சீர்ப்படுத்துமாறு யோவாசு அரசன் குருக்களுக்கு ஆணையிட்டான். அவன் அரசாட்சியின் இருபத்து மூன்றாம் ஆண்டு வந்தும் வேலை நடக்கவில்லை. பணம் வந்தது, செலவும் ஆயிற்று, கோயில் மட்டும் பழுதுபட்டபடியே நின்றது. அப்போது தலைமைக் குரு யோயாதா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துளையிட்டு, பீடத்தின் அருகே வைத்தார். பெட்டி நிறைந்தபோது அரசனுடைய எழுத்தரும் தலைமைக் குருவும் சேர்ந்து வந்து எண்ணினார்கள். அந்தப் பணம் நேராகத் தச்சருக்கும் கொத்தருக்கும் கல் உடைப்போருக்கும், மரமும் கல்லும் வாங்குவதற்கும் போயிற்று. வெள்ளிக் கிண்ணங்கள் செய்வதற்குக்கூட அதிலிருந்து எடுக்கவில்லை. குருக்களுக்கு உரிய பணம் தனியே அவர்களுக்கே சேர்ந்தது.

இதில் நான்கு விதிகள் அடங்கியிருக்கின்றன. பராமரிப்புக்குத் தனி உண்டியல் வேண்டும். எண்ணுவதற்கு இருவர் வேண்டும். அவர்களில் ஒருவர் குரு, மற்றவர் குரு அல்லாதவர். எதற்காகச் சேர்ந்ததோ அதற்கே செலவாக வேண்டும். குருவின் வாழ்க்கைச் செலவும் கட்டடச் செலவும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. பற்பல நூற்றாண்டுகளுக்கு முன் ஏற்பட்ட இந்த ஏற்பாட்டைவிடச் சிறந்த ஏற்பாடு எந்தப் பங்கிலாவது இருக்குமானால் எனக்குச் சொல்லுங்கள்; நான் வந்து கற்றுக்கொள்கிறேன்.

திருச்சபைச் சட்டம் நம்மிடம் கேட்பது

இன்று நடைமுறையில் உள்ள திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1983 ஜனவரி 25-இல் வெளியாகி, அதே ஆண்டு நவம்பர் 27 முதல் அமலுக்கு வந்தது. அதைக் குருக்கள் மட்டும் அறிந்தால் போதும் என்று நாம் விட்டுவிடுகிறோம். பொதுநிலையினராகிய நமக்கும் அதில் பங்கு உண்டு.

சட்ட விவகாரங்கள் அனைத்திலும் பங்கின் சார்பாக நிற்பவர் பங்குத் தந்தை என்கிறது 532-ஆம் எண். அவர் தனியே நிற்க வேண்டியதில்லை என்கிறது 537. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு ஒன்று கட்டாயமாக இருக்க வேண்டும், அது பங்குச் சொத்துகளின் நிர்வாகத்தில் பங்குத் தந்தைக்குத் துணை நிற்க வேண்டும். இன்ன நோக்கத்திற்கென்று விசுவாசிகள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்திற்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது 1267. மணி வாங்கத் தந்த பணத்தில் மதில் எழுப்பக் கூடாது.

கோயில்களில் ஆண்டவரின் இல்லத்திற்கு உரிய தூய்மையும் அழகும் விளங்க வேண்டும், பராமரிப்பும் பாதுகாப்பும் குறைவறச் செய்யப்பட வேண்டும் என்பது 1220. சொத்துப் பட்டியல் எழுதி ஒரு படியைப் பங்கிலும் மறுபடியை மறைமாவட்ட அலுவலகத்திலும் வைக்க வேண்டும் என்பது 1283. சொத்து அழியாமல் காப்பது, வரவு செலவை ஒழுங்காக எழுதுவது, ஆண்டு முடிவில் அறிக்கை தயாரிப்பது, பத்திரங்களைப் பத்திரமாக வைப்பது ஆகிய கடமைகளை வரிசையாகச் சொல்கிறது 1284. விசுவாசிகள் தந்த காணிக்கைக்கு விசுவாசிகளிடமே கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது 1287.

இதை நான் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? நம் ஊர்களில் கணக்குக் கேட்பவரைக் கலகக்காரர் என்றும், கணக்குக் கேட்காதவரை நல்ல கிறிஸ்தவர் என்றும் நினைக்கும் பழக்கம் இருக்கிறது. கணக்குக் கொடுப்பது சட்டம் விதித்த கடமையாயிருக்கும்போது, அதைக் கேட்பது எப்படிக் கலகமாகும்? ஆண்டுக்கொரு முறை கோயில் வாசலில் கணக்கை ஒட்டிப் பாருங்கள். ஊரில் பாதிச் சந்தேகம் அன்றே அடங்கிவிடும். காணிக்கையும் தானே கூடும்.

கட்டடத்திற்கு வரும் நோய்கள்

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கோயில் கட்டடத்துக்கு முதல் எதிரி தண்ணீர். நம் வட்டாரத்தில் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. சில ஆண்டுகளில் புயலாகவே வருகிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர், புதுச்சேரிக் கரையைத் தாக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே ஆற்றுப் பாலத்தை வெள்ளம் நெருங்கியதால் ரயில்களையே நிறுத்தினார்கள். இப்படிப்பட்ட மழைக்கு நம் கூரைகள் தயாராக இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

மழை பெய்யும்போது கூரை ஏற முடியாது. மழை நின்றபின் ஏறிப் பயனில்லை. ஆகவே ஆகஸ்டு மாதத்திலேயே ஏணியை எடுங்கள். தேவமாதாவின் விண்ணேற்பு விழாவுக்குக் கோயிலை அலங்கரிக்கும் நாட்களில் கூரையையும் பார்த்துவிடலாம். ஓடு உடைந்திருக்கிறதா? மழைநீர் வடியும் தூம்புகளில் இலையும் புறாக் கூடும் அடைத்திருக்கின்றனவா? கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? ஒரு சாண் உயரக் கன்றை ஒரு சிறுவன் வேரோடு எடுத்துவிடுவான். ஐந்து ஆண்டுகள் விட்டுவிட்டால் அதே வேர் சுவரைப் பிளந்துவிடும். பிறகு சாரம் கட்ட வேண்டும், கொத்தனார் வேண்டும், நன்கொடைப் புத்தகம் அச்சடிக்க வேண்டும். சிறு துளி பெருவெள்ளம் என்பது உண்டியலுக்கு மட்டுமா, ஒழுகும் கூரைக்கும் அது பொருந்தும்.

இரண்டாவது எதிரி, நாம் நன்மை என்று நினைத்துச் செய்யும் தீமை. பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து அரைத்த சாந்து அது. அந்தச் சுவர் மூச்சு விடும் சுவர். உள்ளே ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் நாம் கெட்டியாகச் சிமெண்டுப் பூச்சுப் பூசி, அதற்கும் மேல் பளபளப்பான பிளாஸ்டிக் வண்ணம் அடிக்கிறோம். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே நிற்கிறது. இரண்டு மூன்று மழைக்குப் பின் இடுப்பளவு உயரத்தில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. மறுபடியும் சிமெண்டு, மறுபடியும் உப்பு! சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் மருந்து. அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் அற்றுப் போகவில்லை. புதுச்சேரியில் இன்டாக் நிறுவனத்தார் பழைய கட்டடங்களைச் சுண்ணாம்பு கொண்டே புதுப்பித்து வருகிறார்கள். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி தொலைவிலா இருக்கிறது? போய்ப் பார்த்து, கேட்டு வரலாம்.

தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பிட்ட மெட்ராஸ் தளம் உள்ள கோயில்களில், சட்டத்தின் முனை சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். கரையானும் உளுப்பும் அங்கேதான் தொடங்கும். வெளியே பார்ப்பதற்குச் சட்டம் நன்றாகவே இருக்கும்.

மூன்றாவது எதிரி மின்சாரம். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான்கு விளக்குக்கும் இரண்டு விசிறிக்கும் இழுத்த கம்பியில் இன்று ஒலிபெருக்கி, வண்ண விளக்குத் தோரணம், குளிர்சாதனம் எல்லாம் ஓடுகின்றன. திருவிழா இரவில் கம்பி சூடாகிறது. பக்கத்திலேயே திரைச்சீலை, காகிதப் பூ, எரியும் மெழுகுவர்த்தி. கொடியேற்றத்துக்கு முன் தகுதி பெற்ற மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு முழுவதையும் சோதித்து எழுதி வாங்குங்கள். ஊரிலேயே உயரமான கட்டடம் நம் மணிக்கூண்டுதான். அதில் இடிதாங்கி இருக்கிறதா, அதன் செப்புப்பட்டை மண்வரை அறுபடாமல் இறங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

பத்திரமும் அனுமதியும்

கட்டடம் நிற்பது அடித்தளத்தின்மேல். அடித்தளம் நிற்பது பட்டாவின்மேல். ஒரு காலத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் வாய்வார்த்தையாகக் கொடுத்த நிலத்தில் கோயில் எழுந்திருக்கும். கொடுத்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று நல்லவர்களாகவே இருக்கலாம். அவர்களிடமிருந்து நிலத்தை வாங்குபவர் யாரோ? கோயில், கல்லறை, பள்ளி, குருவில்லம் ஒவ்வொன்றின் நிலத்துக்கும் மூலப் பத்திரம், பட்டா, புல வரைபடம் ஆகியவற்றைத் தேடி எடுத்துப் படியெடுத்து வையுங்கள். தங்கச் சுரூபம் திருடு போனால் ஊரே பதறுகிறது. மூலப் பத்திரம் காணாமற் போனால் யாருக்கும் தெரிவதேயில்லை.

புதிய ஆலயம் எழுப்ப மறைமாவட்ட ஆயரின் எழுத்து மூலமான இசைவு வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1215. கட்டுவதற்கு மட்டுமன்றி, அங்கு வழிபாட்டைத் தொடர்ந்து நடத்துவதற்கும் போதிய வழி இருக்கிறதா என்பதையும் ஆயர் பார்க்க வேண்டும். அரசின் அனுமதியும் தேவை. வழிபாட்டிடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி பெற வேண்டும் என்று 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிக் கட்டட விதிகள் கூறின. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகவே அடிக்கல் நாட்டும் தேதியைக் குறிக்குமுன் உரிய அலுவலகத்தில் விசாரித்து அறியுங்கள். அழைப்பிதழை அச்சடித்துவிட்டு அனுமதிக்கு அலைவது நமக்கு அழகன்று.

பணத்துக்கு வெளிநாட்டை நம்பியிருந்த காலமும் மாறிவிட்டது. 2020-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, வெளிநாட்டு நன்கொடை புதுடில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். ஓர் அமைப்பு பெற்றதை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் இயலாது. மறுபக்கம், 2016–17 முதல் தமிழ்நாடு அரசு கிறிஸ்தவ ஆலயங்களைப் பழுதுபார்க்க நிதியுதவி வழங்கி வருகிறது. கட்டடத்தின் வயதைப் பொறுத்துத் தொகை அமையும். வெளிநாட்டு நிதி பெற்றிருக்கக் கூடாது என்பது நிபந்தனைகளுள் ஒன்று. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். அங்கேயும் முதலில் கேட்பது பத்திரத்தைத்தான்!

எல்லாவற்றிலும் உறுதியான நிதி நம் கையில் இருப்பதே. இருநூறு குடும்பங்கள் உள்ள பங்கில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் பராமரிப்பு உண்டியலுக்கென்று வந்தால், ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் சேரும். ஓடு மாற்றவும் தூம்பு அடைப்பு நீக்கவும் கம்பி மாற்றவும் அது போதும். ஐம்பது முடியாதவர் பத்து கொடுக்கட்டும். அதுவும் முடியாதவர் ஒரு நாள் உடலுழைப்பைத் தரட்டும்.

இடிப்பதா, புதுப்பிப்பதா?

பழையதை எப்போதும் இடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மக்கள் தொகை பெருகி, ஞாயிறு பூசைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் வெயிலில் நிற்கும் ஊர்கள் உண்டு. அடித்தளமே இறங்கிப்போன கட்டடங்களும் உண்டு. ஆனால் கடப்பாரையை எடுக்குமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். முதலாவது: பழைய கட்டட வேலை அறிந்த பொறியாளர் நேரில் பார்த்துத் தந்த அறிக்கை என்ன? விரிசல் எல்லாம் வீழ்ச்சியின் அடையாளம் ஆகாது. இரண்டாவது: பக்கவாட்டில் தாழ்வாரம் சேர்த்தோ, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு திருப்பலி வைத்தோ இடநெருக்கடியைத் தீர்க்க முடியுமா? மூன்றாவது: புதியதைக் கட்டி முடித்தபின் அதைப் பராமரிக்க ஆண்டுதோறும் ஆகும் தொகை எவ்வளவு, அது எங்கிருந்து வரும்? இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், நாம் பிள்ளைகளுக்குக் கோயிலை விட்டுச் செல்லவில்லை, கடனை விட்டுச் செல்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு மக்களை நோக்கிப் பூசை செய்யத் தொடங்கியபோது, பல ஊர்களில் பழைய மரப்பீடங்களையும் கிராதிகளையும் கழற்றி எறிந்துவிட்டார்கள். ஆனால் அதே சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, மதிப்புள்ள பழைய புனிதப் பொருட்கள் கைமாறிப் போகாமலும் அழியாமலும் பார்த்துக்கொள்ளுமாறு ஆயர்களை வலியுறுத்தியிருக்கிறது. உங்கள் சக்கிரீஸ்துவின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் மரச் சுரூபத்தைப் பட்டியலில் எழுதுங்கள். இன்றைய பிள்ளைகள் அதன் அருமையை அறியாமற் போனாலும், நாளைய பிள்ளைகள் தேடுவார்கள்.

காக்க வேண்டாத சுவர்

சுவர்களைக் காப்பதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன். காக்கவே கூடாத சுவர் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் அமர்ந்தால் என் உரை குறையுள்ளதாகும்.

புதுச்சேரிச் சம்பாக் கோயிலுக்குள் சாதியின் பெயரால் மக்களைப் பிரிக்கும் சுவர் ஒன்று இருந்தது. ஒதுக்கி வைக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் 1745-இல் குருவிடம் சென்று, நாங்களும் உங்கள் பிள்ளைகள்தாமே என்று முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். தெற்கே வடக்கன்குளத்தில் இரு சாராரையும் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிபட்டது. செங்கல் சுவர் இடிந்தது, மனத்தின் சுவர் இடிந்ததா? நமது உயர்மறைமாவட்டத்திலேயே எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதையொட்டி 2008 மார்ச் மாதத்தில் கலவரம் மூண்டது. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிய ஊரில் இது நடந்தது.

பங்கு நிர்வாகம் என்று நாம் சொல்வது இந்த இடத்தில்தான் உண்மையாகச் சோதிக்கப்படுகிறது. தேர் எந்தத் தெரு வழியாகப் போகிறது? கல்லறையில் யாருக்கு எந்த மூலை? நிதிக்குழுவில் எந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை? பாடகர் குழுவில், வாசகம் வாசிப்போரில், பீடச் சிறுவர்களில் யாருடைய பிள்ளைகளைக் காணவில்லை? கூரை ஒழுகுவதைப் பார்க்க ஏணி வேண்டும். இதைப் பார்க்கக் கண் இருந்தால் போதும்.

கிளைக் கிராமங்களைத் தனிப் பங்குகளாக்கும் கோரிக்கைகள் நம் இரு வட்டாரங்களிலும் எழுகின்றன. பங்கை ஏற்படுத்தும் அதிகாரம் ஆயருக்கு மட்டுமே உரியது. குருக்கள் மன்றத்தைக் கேட்டபின் அவர் முடிவு செய்கிறார் என்று 515-ஆம் எண் கூறுகிறது. ஆனால் அந்த முடிவுக்கு ஊரைத் தயார் செய்வது நம் வேலை. ஓர் ஊர் தனிப் பங்காக வேண்டுமா என்பதை, குடும்பங்களின் எண்ணிக்கை, தாய்க்கோயிலுக்குள்ள தூரம், குருவைத் தாங்கும் சக்தி, நோயாளிகளுக்குத் திருவருட்சாதனம் உரிய நேரத்தில் கிடைக்கிறதா என்ற நியாயங்களைக் கொண்டு பார்க்க வேண்டும். தாய்ப் பங்கு தன் உண்டியல் குறையுமே என்று கதவை அடைக்கக் கூடாது. மகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போனால் தாய்க்கு அது பெருமைதானே!

முடிவாக ஐந்து வேண்டுகோள்

பெரியோர்களே, பேச்சை முடிக்கிறேன். இந்த யூபிலி ஆண்டு முடியுமுன் ஒவ்வொரு பங்கும் ஐந்து காரியங்களைச் செய்யட்டும்.

முதலாவது, யூபிலி நிதியில் ஒரு பகுதியைப் பராமரிப்பு நிதி என்று தனியே வங்கியில் போடுங்கள். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுங்கள். இரண்டாவது, நால்வர் கொண்ட கட்டடக் குழு அமைத்து, ஆண்டுதோறும் ஆகஸ்டில் கூரை முதல் கல்லறை மதில் வரை பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பங்குத் தந்தையர் மாறுவார்கள், அந்தப் புத்தகம் மாறக் கூடாது. மூன்றாவது, பத்திரங்களையும் ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகளையும் கரையான் ஏறாத இரும்பு அலமாரியில் வைத்து, படமெடுத்து ஒரு படியை வேறோர் இடத்திலும் வையுங்கள். கோயில் இடிந்தால் மறுபடி கட்டலாம். நூறு வயதுப் பதிவேடு நனைந்தால் யார் எழுதித் தருவார்? நான்காவது, ஆண்டுக் கணக்கைக் கோயில் வாசலில் ஒட்டுங்கள். ஐந்தாவது, தாய்க்கோயிலுக்குப் புதுக் கோபுரம் நினைக்குமுன், ஒழுகும் கூரையின் கீழ் செபமாலை சொல்லும் கிளைக் கிராமத்துக்கு ஓடு வாங்கிக் கொடுங்கள்.

இந்த ஐந்துக்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கத் தெரிந்த நமக்கு, ஊர் கூடி ஏணி பிடிக்கவும் தெரிய வேண்டும். கல்வெட்டில் இடம்பெறும் பெயர்களுக்கு நாம் கைதட்டுவோம். மேலே ஏறித் தூம்பைச் சுத்தம் செய்து இறங்கிவரும் அந்தப் பெயரில்லாத மனிதருக்கு ஒரு குவளை மோர் கொடுப்போம். நம் பிள்ளைகளின் பிள்ளைகள் அடுத்த யூபிலியை நனையாமல் கொண்டாடுவது அவரால்தான்.

 ஆண்டவர் நம் பங்குகளை ஆசீர்வதிப்பாராக.

இயேசுவுக்கே புகழ்! மரியாயே வாழ்க!